வலிக்காமல் விழும் பற்கள்

ஈறு மருத்துவத்தில் மேற்படிப்பு படிக்கும் எவரும் இலங்கைத் தேயிலைத் தொழிலாளர்களைப் பற்றிப் படிக்காமல் பட்டம் வாங்குவது கடினம். டன்சினன், ஹெரோ என்ற இரண்டு மலையகத் தோட்டங்களின் லயன் குடியிருப்புகளில் வாழ்ந்த தமிழ் ஆண்களின் பற்கள் அரை நூற்றாண்டாக உலகெங்கும் பாடப்புத்தகங்களில் பேசப்படுகின்றன. தமிழில்தான் அவர்களைப் பற்றி அதிகம் பேச்சில்லை.

1970-ல் நார்வே நாட்டுப் பல் மருத்துவ அறிஞர் ஹரால்ட் லோவின் குழு அந்தத் தோட்டங்களுக்கு வந்தது. 14 வயது முதல் 31 வயது வரையிலான 480 ஆண் தொழிலாளர்களை உட்காரவைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, மில்லிமீட்டர் குறியிட்ட மெல்லிய கம்பியால் பல்லின் ஓரமெல்லாம் அளந்து எழுதிக்கொண்டது. பிறகு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வந்து, அதே வாய்களை மறுபடி அளந்தது. 1985 வரை இப்படியே நடந்தது. இடையில் தோட்டங்கள் தேசியமயமாயின. இரு நாட்டு அரசுகளின் ஒப்பந்தப்படி பெருந்தொகையானோர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். இனக்கலவரமும் வந்துபோனது. அளவெடுப்பு மட்டும் நிற்கவில்லை.

இவர்களை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பிரஷ் பிடித்துப் பல் துலக்கும் பழக்கம் இவர்களிடம் இல்லை. பல் மருத்துவரிடம் போனதும் இல்லை. உடல் உழைப்பாளிகள், பொதுவாக ஆரோக்கியமானவர்கள். வியப்பாக, சொத்தைப் பல் என்பதே ஏறக்குறைய இல்லாதவர்கள். ஆக, இவர்களில் ஒருவருக்குப் பல் விழுந்தால் அதற்குச் சொத்தையைக் காரணம் காட்ட முடியாது, ஈறுதான் காரணம். மனித வாயை அப்படியே விட்டுவிட்டால் ஈறு நோய் எந்த வேகத்தில், யாரிடம், எவ்வளவு தூரம் போகும் என்ற கேள்விக்கு இவ்வளவு தெளிவான விடை வேறெங்கும் கிடைத்திருக்காது. எந்த வசதியும் எட்டாத மனிதர்களின் வாயிலிருந்து அந்த அறிவு பிறந்தது என்பதைப் படிக்கும்போது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

விடை 1986-ல் அச்சில் வந்தது. 480 பேரும் மூன்று கூட்டமாகப் பிரிந்திருந்தார்கள். 8 சதவீதத்தினருக்கு நோய் வெகுவேகமாக ஓடியது. 81 சதவீதத்தினருக்கு நிதானமாக நகர்ந்தது. மிச்சமிருந்த 11 சதவீதத்தினருக்கு ஈறு சிவந்து வீங்கியதோடு சரி, அதற்குமேல் ஒன்றும் ஆகவில்லை.

வேகக் கூட்டத்தில் 20 வயதிலேயே பல் விழத் தொடங்கியது. 35 வயதில் சராசரியாக 12 பற்கள் போயிருந்தன. 40 வயதில் 20. 45 வயதில் வாயில் ஒரு பல்கூட இல்லை. நிதானக் கூட்டத்தில் 30-ஐத் தாண்டிய பிறகுதான் பல் விழ ஆரம்பித்தது. 45 வயதில் சராசரியாக 7 பற்களை இழந்திருந்தார்கள். மூன்றாவது கூட்டத்தினர் கிட்டத்தட்ட எல்லாப் பற்களோடும் இருந்தார்கள். இத்தனைக்கும் மூன்று கூட்டத்தார் பல்லிலும் ஒரே மாதிரி அழுக்கு, ஒரே மாதிரி காரை, ஒரே மாதிரி ஈறு வீக்கம்.

ஈறு நோயைப் பற்றிய வீட்டுச் சண்டைகள் பலவற்றைத் தீர்த்துவைக்கிற கண்டுபிடிப்பு இது. ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு தாத்தா இருப்பார். பிரஷ்ஷையே தொட்டிருக்க மாட்டார். எண்பது வயதில் கரும்பைக் கடித்துத் துப்புவார். அவரைச் சுட்டிக்காட்டி, “இதெல்லாம் டாக்டருங்க சம்பாதிக்கிறதுக்குச் சொல்றது” என்று பேரன் சொல்வான். தாத்தா 11 சதவீதத்தைச் சேர்ந்தவர். பேரன் எந்தக் கூட்டம் என்பது அவன் 35 வயதைத் தாண்டும்போது தெரியும், அப்போது காலம் கடந்திருக்கும். தாத்தாவின் தம்பிகள் யாருக்கெல்லாம் நாற்பதில் பொக்கை வாய் என்று விசாரித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ஈறு நோய்க்குக் குடும்ப வழி உண்டு.

நோய் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க, பல் எப்படி நிற்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். தாடை எலும்பில் ஒரு குழி. அதற்குள் பல்லின் வேர். வேருக்கும் எலும்புக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத நார்களால் ஆன ஒரு கட்டு. நாம் மெல்லும்போது பல் துளியளவு அசைந்துகொடுப்பது இந்த நார்க்கட்டினால்தான். இவை எல்லாவற்றையும் மேலிருந்து மூடிக் காக்கும் திசுப் போர்வைதான் ஈறு. பல்லைச் சுற்றி ஈறு ஒட்டாமல் நிற்கும் ஒரு சிறு பள்ளம் எல்லோருக்கும் உண்டு. அதன் ஆழம் 3 மில்லிமீட்டர் வரை இருந்தால் கவலையில்லை.

அந்தப் பள்ளத்தின் விளிம்பில்தான் எல்லாம் ஆரம்பிக்கிறது. தண்ணீர்த் தொட்டியைச் சில நாள் தேய்க்காமல் விட்டால் உட்சுவரில் ஒரு வழவழப்பு படியுமே, அதே வகைப் படலம் பல்லிலும் படிகிறது. பல் டாக்டர்கள் ‘பிளேக்’ என்பார்கள். சாப்பாட்டுத் துணுக்கு என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கும் இது, உண்மையில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் தாங்களே சுரந்த பசையில் ஒட்டிக்கொண்டு கட்டிய குடியிருப்பு. நேற்றுத் தேய்த்த பல்லில் இன்று மறுபடி உருவாகிவிடும். விட்டுவைத்தால் எச்சிலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து அதில் ஏறி, கல்லாக இறுகிக் காரை ஆகும். கீழ்வரிசை முன்பற்களின் உட்புறத்தை நாக்கால் தடவிப் பார்த்தால் பலருக்கும் தட்டுப்படும் சொரசொரப்பு அதுதான். இறுகிய காரையை எந்த பிரஷ்ஷாலும் பெயர்க்க முடியாது.

படலம் பள்ளத்துக்குள் இறங்க இறங்க, காற்றில்லாத இடத்தில் வாழப் பழகிய மோசமான பாக்டீரியாக்கள் அங்கே பெருகும். உடல் சும்மா இருக்காது. ரத்த ஓட்டத்தைக் கூட்டி, வெள்ளணுக்களை அனுப்பிப் போரிடும். ஈறு சிவப்பதும், வீங்குவதும், தொட்டால் ரத்தம் வருவதும் இந்தப் போரின் அடையாளங்கள். இந்தக் கட்டத்தில் நோய் ஈறோடு நிற்கிறது, முழுமையாகக் குணமாகிவிடக் கூடியது. போர் நீண்டால்தான் சிக்கல். கிருமியைக் கொல்ல உடல் அனுப்பும் ரசாயனங்களே நார்க்கட்டை அறுத்து, எலும்பையும் கரைக்கத் தொடங்கும். எலும்பு இறங்க இறங்கப் பள்ளம் ஆழமாகும். 4, 5, 6 மில்லிமீட்டர் என்று ஒரு பையாகவே ஆகிவிடும். அந்த ஆழத்துக்கு பிரஷ் எட்டாது. எலும்பை அரிக்கும் அளவு பெரும்பாலும் கிருமியின் கையில் இருப்பதைவிட, கிருமிக்கு அந்த உடல் எவ்வளவு ஆவேசமாகப் பதில் சொல்கிறது என்பதன் கையில் இருக்கிறது. ஒரே அழுக்கோடு மூன்று கூட்டங்கள் உருவானதற்கு இதுவே முக்கியக் காரணம்.

இவ்வளவும் பெரும்பாலும் வலியில்லாமல் நடந்து முடிந்துவிடும். சொத்தைப் பல் இரவு தூங்கவிடாது. மனிதனைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் டாக்டர் முன்னால் உட்காரவைக்கும். ஈறு நோய் அப்படியெல்லாம் தொந்தரவு செய்வதில்லை. காலையில் துப்பும்போது கொஞ்சம் ரத்தம், தூங்கி எழுந்ததும் வாயில் ஒரு கெட்ட வாடை, பல்லுக்குப் பல் இடைவெளி விழுவது, முன்பல் லேசாக முன்னே தள்ளிக்கொண்டு வருவது. கடைசியில் கறித்துண்டைக் கடிக்கும்போது பல் ஆடும். உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கைப்படி உலகில் சுமார் 100 கோடிப் பேருக்குத் தீவிர ஈறு நோய் இருக்கிறது. அவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்பது வேறு கதை.

ரத்தம் வந்ததும் பெரும்பாலோர் செய்வது, அந்த இடத்தைத் தேய்க்காமல் விட்டுவிடுவது. “பாவம், புண்ணா இருக்கு” என்று பிரஷ்ஷைத் தள்ளிப் பிடிப்பார்கள். இதைவிடத் தவறான காரியம் இல்லை என்பதற்கும் லோவே சாட்சி. மலையகத்துக்கு வருவதற்கு முன்பே, 1965-ல், டென்மார்க்கின் ஓர்ஹூஸ் நகரில் அவர் ஒரு விசித்திரமான சோதனை நடத்தியிருந்தார். ஆரோக்கியமான ஈறு உள்ள 12 பேர். பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்கள். பல் துலக்குவதை அடியோடு நிறுத்தச் சொன்னார். 10 முதல் 21 நாட்களுக்குள் பன்னிரண்டு பேருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்கச் சொன்னார். ஏறக்குறைய ஒரு வாரத்தில் எல்லோருக்கும் சரியாகிவிட்டது. மாத்திரையும் இல்லை, ஊசியும் இல்லை. அதுவரை சத்துக்குறைவு, வயது, பரம்பரை என்று ஈறு வீக்கத்துக்கு ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்த மருத்துவ உலகம் அதன்பிறகு பிளேக்கின் பக்கம் திரும்பியது. இன்றும் ஈறில் ரத்தம் என்றவுடன் வைட்டமின் சி மாத்திரை வாங்கிச் சப்புகிறவர்கள் இருக்கிறார்கள். கப்பல் மாலுமிகளைக் கொன்ற ஸ்கர்வி நோய்க்கு அது மருந்து. பல்லில் ஒட்டிய படலத்தை அது என்ன செய்யும்?

ஒரு எச்சரிக்கையும் இங்கே தேவை. எதுவும் தொடாமலே ஈறில் ரத்தம் கசிந்து நிற்காமல் போனால், உடலில் காரணமில்லாமல் கன்றிப்போன தடங்கள் தெரிந்தால், காய்ச்சலும் சோர்வும் சேர்ந்திருந்தால், அது பல் டாக்டர் விவகாரமாக இல்லாமல் ரத்த அணுக்களின் கோளாறாகவும் இருக்கலாம். அப்போது முதலில் பொது மருத்துவரைப் பார்த்து ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

நிதானக் கூட்டத்தில் இருக்கும் ஒருவரை வேகக் கூட்டத்துக்குத் தள்ளும் சக்தி இரண்டு விஷயங்களுக்கு நிச்சயமாக உண்டு. ஒன்று புகையிலை. பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு எலும்பு வேகமாகக் கரையும்; வைத்தியம் செய்தாலும் மெதுவாகத்தான் ஆறும். இதில் ஒரு வஞ்சகமும் உண்டு. புகையிலை ஈறின் ரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடுவதால் நோய் முற்றியிருந்தாலும் ரத்தம் அவ்வளவாக வராது. ஈறு வெளிறி, கெட்டியாக, பார்வைக்கு நன்றாகவே இருக்கும். புகைப்பதை விட்ட சில வாரங்களில் ரத்தம் வரத் தொடங்கி, “விட்டதால்தான் இப்படி ஆச்சு” என்று பயந்து திரும்பப் பற்றவைத்தவர்களும் உண்டு. பல் வலிக்குப் புகையிலை அடக்கிக்கொள்வது, புகையிலை கலந்த பொடியால் பல் தேய்ப்பது எல்லாம் ஊரில் வெகுகாலம் நடந்தவை. பற்பொடியிலும் பேஸ்டிலும் புகையிலை சேர்ப்பதை இந்திய அரசு 1992-ல் தடை செய்தது.

மற்றொன்று சர்க்கரை நோய். ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-ல் வெளியிட்ட கணக்கு இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கு ஈறு நோய் வரும் வாய்ப்பும் அது முற்றும் வேகமும் அதிகம். கண், சிறுநீரகம், நரம்பு, இதயம், கால் என்று சர்க்கரை கெடுக்கும் உறுப்புகளின் பட்டியலில் ஈறையும் சேர்க்க வேண்டும் என்று 1993-ல் எழுதியவரும் அதே ஹரால்ட் லோதான். பாதை இரு பக்கமும் திறந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ஈறில் ஆறாத அழற்சி இருக்கும்போது உடலில் இன்சுலினின் வேலை மந்தப்படுகிறது. ஈறு நோய்க்குச் சரியாக வைத்தியம் செய்தால் மூன்று, நான்கு மாதங்களில் ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. அளவு சராசரியாக 0.4 சதவீத அளவுக்கு இறங்குவதைப் பல ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் அறிக்கை 2022-ல் உறுதிசெய்தது. கேட்கச் சிறிய எண்தான். ஆனால் கூடுதலாக ஒரு மாத்திரை சேர்த்தால் கிடைக்கும் பலனுக்குப் பக்கத்தில் வரும் எண் அது. சர்க்கரைக்காக மாதாமாதம் டாக்டரிடம் போகிறவரிடம் “கடைசியாகப் பல் டாக்டரை எப்போது பார்த்தீர்கள்?” என்று யாரும் கேட்பதில்லை என்பது நம் மருத்துவ ஏற்பாட்டின் பெரிய ஓட்டை.

இதய நோயோடும் ஈறு நோயைச் சேர்த்துப் பேசுகிறார்கள். இரண்டும் ஒரே ஆளிடம் அடிக்கடி காணப்படுகின்றன என்பது உண்மை. ஒன்று மற்றொன்றை உண்டாக்குகிறது என்பது நிரூபிக்கப்படவில்லை. ஈறைச் சுத்தம் செய்தால் மாரடைப்பு வராது என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்ப வேண்டியதில்லை.

மருந்துகளாலும் ஈறு தடிக்கும். ரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் அம்லோடிபின், வலிப்புக்குத் தரும் பெனிட்டாயின், சிறுநீரக மாற்று அறுவைக்குப் பின் கொடுக்கும் சைக்ளோஸ்போரின் ஆகியவை சிலருக்கு ஈறை வளரச்செய்து பல்லையே பாதி மூடிவிடும். தானாக மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. எழுதிக்கொடுத்த டாக்டரிடம் வாயைத் திறந்து காட்டினால் மாற்று மருந்து யோசிப்பார். கர்ப்பிணிகளுக்கு ஹார்மோன் மாற்றத்தால் ஈறு எளிதில் வீங்கும். மாசமாக இருப்பவர் பல் வைத்தியமே செய்யக்கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பது வழக்கம். சுத்தம் செய்துகொள்வதற்குத் தடை ஒன்றும் இல்லை. நான்காம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை அதற்கு வசதியான காலம்.

வைத்தியத்துக்கு வருவோம். முதலில் டாக்டர் மில்லிமீட்டர் குறியிட்ட அந்த மெல்லிய கம்பியை ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் விட்டு ஆழம் அளப்பார். எக்ஸ்ரே எடுத்து எலும்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பார். இப்படி அளக்காமலே நேராகச் சுத்தம் செய்ய ஆரம்பித்தால், “எனக்கு எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது டாக்டர்?” என்று நோயாளி கேட்கலாம், தப்பில்லை. சர்க்கரை நோயாளி தன் அளவைத் தெரிந்துவைத்திருப்பதுபோல இதையும் தெரிந்துகொள்ளலாம்.

அடுத்தது ஸ்கேலிங். ஒலியதிர்வுக் கருவியின் முனை காரையைத் தட்டிப் பெயர்க்கும், கூடவே தண்ணீர் பீய்ச்சும். நம் ஊரில் இந்தச் சாதாரண வேலையைச் சுற்றித்தான் எத்தனை பயம்! ‘ஒருமுறை சுத்தம் பண்ணினால் பல் ஆடிவிடும், எனாமல் போய்விடும், பிறகு வருஷா வருஷம் பண்ணிக்கொண்டே இருக்க வேண்டும்.’ இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொள்ள முடிகிறது. எலும்பு ஏற்கெனவே கரைந்துபோன வாயில், பல்லுக்கு இடையில் அடைத்துக்கொண்டு பற்களை ஒன்றோடொன்று பூட்டிவைத்திருந்தது காரைதான். அதை எடுத்ததும் இடைவெளி தெரியும், மறைந்திருந்த ஆட்டம் வெளியே வரும், வேர் திறந்துகொண்டதால் சில நாட்கள் பல் கூசும். நோய் செய்த சேதத்தின் பழி அதைக் கண்ணுக்குக் காட்டிய டாக்டர் மேல் விழுகிறது. வீக்கம் வற்றி ஈறு இறுகியதும் ஆட்டம் பலருக்குக் குறைந்துவிடுகிறது.

பை ஆழமாக இருந்தால் மரத்துப்போகும் ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வேரின் மேற்பரப்பையும் சுத்தம் செய்வார்கள். பிறகு ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் மறுபடி அளந்து பார்க்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும். அதற்கும் மசியாத ஆழமான பைகளுக்கு ஈறைச் சிறிது விலக்கி உள்ளே பார்த்துச் சுத்தம் செய்து தைக்கும் அறுவை உண்டு. எலும்பில் குறுகலான குழி விழுந்திருந்தால் அங்கே எலும்புத் தூளோ சவ்வோ வைத்து ஓரளவு வளர்க்க முடியும். ஆனால் பரவலாகக் கரைந்துபோன எலும்பு திரும்பி வருவதில்லை; இருப்பதைக் காப்பாற்றுவதே வைத்தியத்தின் இலக்கு. லேசர் என்ற பெயரைச் சொல்லிப் பெரிய தொகை கேட்கும் இடங்களில் கொஞ்சம் நிதானிப்பது நல்லது. கம்பியும் கருவியும் கொண்டு பொறுமையாகச் செய்யும் பழைய முறையைவிட அது பெரிதாக எதையும் சாதித்ததாக ஆய்வுகள் காட்டவில்லை.

மாத்திரை? ஈறு வீங்கினால் மருந்துக்கடைக்குப் போய் ஐந்து நாளைக்கு ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடுவது தமிழ்நாட்டில் வாடிக்கை. வீக்கம் வடியும், மறுபடி வரும். ஏன் என்பதை ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டுக்கு முன்பே ஒரு துணி வியாபாரி கண்டுபிடித்துவிட்டார். ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத்து ஆண்டனி வான் லேவன்ஹூக், தானே அரைத்த கண்ணாடி வில்லைகளால் கண்ணில் பட்டதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர். தினமும் காலையில் உப்பால் பல் தேய்க்கிற மனிதர். அப்படியும் தன் பல்லிடுக்கில் மாவுபோல வெள்ளையாக ஏதோ இருப்பதைக் கவனித்து, அதைச் சுரண்டி எடுத்து வில்லைக்கு அடியில் வைத்தார். உள்ளே உயிர்கள் துள்ளிக்கொண்டிருந்தன. 1683-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அதைக் கடிதமாக எழுதினார். அதோடு விடவில்லை. காடியால் (வினிகரால்) வாய் கொப்பளித்துப் பார்த்தார். உள்ளே இருந்த உயிர்கள் சாகவில்லை. சுரண்டி எடுத்த அழுக்கைக் காடியில் கரைத்தால் மட்டும் செத்தன. படலத்தின் மேல்தட்டைத் தாண்டிக் காடி இறங்கவில்லை என்று அவர் சரியாகவே ஊகித்தார். இன்றைய மவுத்வாஷுக்கும் ஆன்டிபயாட்டிக்கும் உள்ள எல்லை இதேதான். முதலில் படலத்தைக் கையால் கலைக்க வேண்டும். குளோர்ஹெக்ஸிடின் கலந்த கொப்பளிப்பு மருந்து நல்ல மருந்துதான். ஆனால் டாக்டர் சொன்ன இரண்டு வாரத்தைத் தாண்டிப் பயன்படுத்தினால் பல்லில் பழுப்புக் கறை ஏறும், நாக்கு ருசி கெடும்.

பயோரியாவை, அதாவது ஈறு நோயை, போக்கும் என்று பெயரிலேயே சொல்லிக்கொள்ளும் பொடிகள், கிராம்பு பேஸ்ட், கரி பேஸ்ட், நல்லெண்ணெய் கொப்பளிப்பு என எதைப் பற்றிக் கேட்டாலும் விடை ஏறத்தாழ ஒன்றுதான். எந்தப் பொருளால் தேய்க்கிறோம் என்பதைவிட, ஈறும் பல்லும் சேரும் விளிம்பை எது போய்த் தொடுகிறது என்பதே முக்கியம். நைந்த வேப்பங்குச்சி பொறுமையாகத் தொட்டால் அதுவும் வேலை செய்யும். செங்கல் தூள், உமிக்கரி, சாம்பல் போன்ற கரடுமுரடான பொடிகளை விரலால் அழுத்தித் தேய்த்தால் பல்லின் கழுத்து தேய்ந்து ஈறு இறங்கிவிடும். பல்லிடுக்கில் ஊக்கு, தீக்குச்சி, துடைப்பக்குச்சி விட்டுக் குத்துவதும் ஈறைக் கிழிக்கும் வழிதான். வெற்றிலை பாக்கு போடுகிறவர்களுக்குக் காரையும் கறையும் சீக்கிரம் ஏறும். பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்பதால் அதை விடுவதற்கு ஈறைவிடப் பெரிய காரணமே இருக்கிறது.

பல் துலக்கும் முறைகளில் இன்றும் அதிகம் பரிந்துரைக்கப்படுவது சார்லஸ் பாஸ் என்பவருடையது. அவர் பல் மருத்துவரே கிடையாது. மலேரியா கிருமியை உடலுக்கு வெளியே வளர்த்துக் காட்டிய அமெரிக்க மருத்துவர், நியூ ஆர்லியன்ஸில் டூலேன் மருத்துவக் கல்லூரியின் டீன். கிருமிகளோடு பழகியவர் என்பதால் பல்லின் நடுப்பகுதியை விட்டுவிட்டு நேராக அவை குடியிருக்கும் இடத்துக்குப் போனார். மென்மையான பிரஷ்ஷின் இழைகளை ஈறின் விளிம்பை நோக்கி 45 டிகிரி சாய்த்து வைத்து, அழுத்தாமல், இருந்த இடத்திலேயே சிறிதாக அசைக்க வேண்டும். இழை நுனி அந்தப் பள்ளத்துக்குள் எட்டிப்பார்க்கும். வெளிப்புறம் முடிந்தபின் உட்புறம். குறிப்பாகக் கீழ்ப்பற்களின் நாக்குப் பக்கம். எல்லாம் சேர்ந்து இரண்டு நிமிடம் ஆகும். காலையில் ஒருமுறை, படுக்கப்போகும் முன் ஒருமுறை. இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இரவைத் தேர்ந்தெடுக்கலாம். தூங்கும்போது எச்சில் குறைவாகச் சுரப்பதால் கிருமிக்கு அது கொண்டாட்டக் காலம். பல்லுக்குப் பல் நடுவே பிரஷ் போகாது. அங்கே பொட்டு வைக்கும் குச்சி அளவுக்குச் சின்னதாக விற்கும் இடைப்பல் பிரஷ், இடைவெளி குறுகலாக இருந்தால் நூல். நாற்பது வயதைத் தாண்டியவருக்கு இந்தச் சின்ன பிரஷ் எந்த விலையுயர்ந்த பேஸ்ட்டையும்விட உபயோகமானது.

இப்படித் தினமும் மெனக்கெடுவதில் பலன் இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு லோவின் இன்னொரு கணக்கு பதில் தரும். மலையக ஆய்வுக்கு ஓராண்டு முன்பு, 1969-ல், ஒஸ்லோவில் 565 மாணவர்களையும் கல்வியாளர்களையும் அவர் இதேபோல அளக்கத் தொடங்கியிருந்தார். பள்ளி நாளிலிருந்தே பல் மருத்துவம் கிடைத்தவர்கள் அவர்கள். நாற்பதை நெருங்கியபோது அவர்களின் பல் பிடிமானம் சராசரியாக 1.5 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. தேயிலைத் தொழிலாளர்களுக்கு 4.5 மில்லிமீட்டர்.

இதையும் தாண்டிப் போனவர்கள் சுவீடன்காரர்கள். கார்ல்ஸ்டாட் நகரில் பேர் ஆக்ஸெல்சன், யான் லிந்தே என்ற பல் மருத்துவர்கள் 1972-ல் சில நூறு சாதாரண மக்களைச் சேர்த்துக்கொண்டு, முப்பது ஆண்டுகள் விடாமல் பார்த்தார்கள். புதிய மருந்து ஒன்றும் இல்லை. ஒவ்வொருவருக்கும் எங்கே அழுக்கு தங்குகிறது என்று கண்ணாடியில் காட்டிப் பல் துலக்கக் கற்றுக்கொடுத்தார்கள்; தேவைக்கேற்ப சில மாதங்களுக்கு ஒருமுறை வரவழைத்துச் சுத்தம் செய்தார்கள். ஈறு நோய் ஏற்கெனவே இருந்தவர் அடிக்கடி வர வேண்டும், இல்லாதவர் எப்போதாவது வந்தால் போதும் என்று ஆளுக்குத் தக்கபடி வைத்துக்கொண்டார்கள். நம்மூர் டாக்டர்கள் ஈறு நோய்க்கு வைத்தியம் முடித்தவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்வதற்குப் பின்னால் இருப்பது இத்தகைய அனுபவம்தான். முப்பது ஆண்டு முடிவில், வயதுக் குழுவைப் பொறுத்து, ஒருவர் இழந்த பற்கள் சராசரியாக 0.4 முதல் 1.8 வரை. அவற்றிலும் பெரும்பாலானவை வேர் உடைந்ததால் எடுக்கப்பட்டவை. ஈறு நோயால் போனவை மிகச் சில.